குறட்டையைச் சொல்ல என்ன வெட்கம்?

"ஆண்டி, தூங்கும்போது குறட்டை விடுவீங்களா?"

மயக்க மருந்து டாக்டர் கேட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. என் அத்தை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயோ, அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார். பக்கத்தில் இருந்த மாமா சுவரில் மாட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

சாலாக் செலாத்தானில் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாமா பதினோரு வருடங்களாக ஹாலில்தான் மெத்தை போட்டுப் படுக்கிறார். அத்தையின் குறட்டை அப்படி. தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் அதை வைத்தே இரண்டு நாள் சிரிப்பார்கள். அத்தையும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளம் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, அத்தைக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

அத்தைக்குப் பித்தப்பையில் கல். ஓர் அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் மயக்க மருந்துப் பிரிவின் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். வாசலில் எடை பார்த்த மிசியிடம் முதலில் "85 கிலோ" என்றார் அத்தை. தராசு 98 என்றது. அந்தக் கோபம் வேறு.

எல்லாம் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மாமா மெதுவாகச் சொன்னார்: "அந்தக் குறட்டையைச் சொல்லியிருக்கணுமோ?" நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் லிஃப்டைப் பார்த்தார். நான் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. நடுவில மூச்சு நின்ன மாதிரி இருக்குமா?"

பின்னாலேயே வந்திருந்த மாமாதான் பதில் சொன்னார். "ஆமா டாக்டர். திடீர்னு சத்தம் நின்னுடும். எனக்குப் பயமா இருக்கும். எழுந்து போய்த் தட்டுவேன். அப்புறம் ஒரு பெரிய மூச்சோட மறுபடி ஆரம்பிக்கும்."

பதினோரு வருடம் ஹாலில் படுத்தவர், இரவில் எழுந்துபோய் மனைவியின் மூச்சைச் சரிபார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு தகவலால் அத்தையின் அறுவைச் சிகிச்சைக்கான ஏற்பாடு முழுவதும் மாறியது.

ஏன் மாறியது? வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். குரலும் மூச்சும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் அந்த மூச்சு போகும் வழியைப் பற்றி எனக்கு இவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. படித்தேன், டாக்டர்களைக் கேட்டேன். அவற்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கத்தி அல்ல, முதல் சில நிமிடங்கள்

ஆபரேஷன் என்றால் நமக்கெல்லாம் கத்திதான் ஞாபகம் வரும். எங்கே வெட்டுவார்கள், எத்தனை தையல், எத்தனை நாள் வலி. மயக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. "பியூஸ் கொடுத்துட்டா ஒண்ணும் தெரியாது" என்று மலாய்ச் சொல்லைப் போட்டு ஒரே வரியில் முடித்துவிடுவோம்.

முழு மயக்கம் என்பது தூக்கம் அல்ல. தூங்கும்போது நம் தொண்டைத் தசைகள் கொஞ்சமாவது விழித்திருந்து வழியைத் திறந்து வைக்கின்றன. மயக்க மருந்து அவற்றையும் தளரவைக்கிறது. நாக்கு பின்னால் சரிகிறது. தசைகளை முழுமையாகத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால், நெஞ்சு தானாக ஏறி இறங்குவதே நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து நோயாளிக்காக மூச்சு விடுவது மயக்கவியல் மருத்துவரின் வேலை.

அதற்காகத்தான் அந்தக் குழாய். வாய்வழியாக, நாக்கைத் தாண்டி, இரண்டு குரல் நாண்களுக்கும் நடுவே மூச்சுக்குழாய்க்குள் அதை இறக்குகிறார்கள். குரல் நாண்கள்தான் என் பிழைப்பு என்பதால் இதைப் படித்தபோது என் கை தானாகத் தொண்டைக்குப் போனது. பக்கத்திலேயே உணவுக்குழாயின் வாய் இருக்கிறது. தவறி அதற்குள் போனால் காற்று வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகாது. ஆகவே குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதை, நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கருவியில் உடனே பார்த்துக்கொள்கிறார்கள். திரையில் அலை அலையாகக் கோடு வந்தால் நிம்மதி. வராவிட்டால் குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள்.

ஒல்லியானவர்களுக்கு இந்தக் காரியம் பெரும்பாலும் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பருமனான உடம்பில் இரண்டு சங்கடங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, வழி குறுகல். கொழுப்பு வயிற்றிலும் இடுப்பிலும் மட்டும் சேர்வதில்லை. நாக்கிலும், தொண்டையின் உள்சுவரிலும், கழுத்தைச் சுற்றியும் சேர்கிறது. இரண்டாவது சங்கடம், நேரம்.

ஒரு பாட்டு நேரம்

வானொலியில் ஐந்து வினாடி மௌனம் வந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். ஆகவே நேரக் கணக்கு எனக்குப் பாட்டில்தான் புரியும். இதையும் பாட்டிலேயே சொல்கிறேன்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் முகத்தில் முகமூடி வைத்து, சில நிமிடங்கள் சுத்தமான ஆக்ஸிஜனை ஆழமாக இழுத்துவிடச் சொல்கிறார்கள். நுரையீரலை ஒரு தண்ணீர்த் தொட்டி போல ஆக்ஸிஜனால் நிரப்புகிறார்கள். மூச்சு நின்ற பிறகு, குழாய் உள்ளே போகும்வரை உடம்பு இந்தச் சேமிப்பைத்தான் செலவழிக்கும். ஆரோக்கியமான, சாதாரண எடையுள்ள பெரியவருக்கு இந்தச் சேமிப்பு ஏறத்தாழ 8 நிமிடங்கள் தாங்கும். ஒரு முழுப் பாட்டு ஒலித்து, அடுத்த பாட்டும் பெரும்பகுதி ஓடிவிடும்.

மிகவும் பருமனானவருக்கு அது 3 நிமிடங்கள்கூடத் தாங்காமல் போகலாம். முதல் பாட்டே முடியாது.

காரணம் எளிமையானது. மல்லாந்து படுத்ததும் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. தொட்டி சிறிதாகிவிடுகிறது. அதே நேரம் பெரிய உடம்புக்கு ஆக்ஸிஜன் செலவு அதிகம். தொட்டி சின்னது, குழாயடியில் ஆள் அதிகம். தண்ணீர் எவ்வளவு நேரம் வரும்?

வழி குறுகல் என்பதால் குழாயைப் போட அதிக நேரம் வேண்டியிருக்கிறது. ஆனால் கையில் இருக்கும் நேரமோ குறைவு. உடல் பருமனும் மயக்க மருந்தும் சந்திக்கும்போது உள்ள ஆபத்து இதுதான். மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தால் ஆயிரம் வழி உண்டு. மூச்சு நின்ற பிறகு தெரிந்தால் அந்த மூன்று நிமிடம்தான் உண்டு.

நாக்கை நீட்டச் சொன்ன ஆந்திரக்காரர்

கிளினிக்கில் டாக்டர் அத்தையை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, வாயை அகலத் திறந்து நாக்கை முழுவதும் நீட்டச் சொன்னார். அத்தை வழக்கம்போல "ஆ..." என்றார். "சத்தம் வேணாம் ஆண்டி, சும்மா நீட்டுங்க" என்றார் டாக்டர்.

இந்தச் சோதனைக்கு ஓர் இந்தியப் பெயர் உண்டு. மல்லம்பட்டி. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1983இல் ஒரு யோசனையை முன்வைத்தார். வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது உள்நாக்கும் தொண்டையின் தூண்களும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்தாலே, குழாய் போடுவது எளிதா கடினமா என்று முன்கூட்டி ஊகிக்கலாம் என்றார். 1985இல் 210 நோயாளிகளிடம் சோதித்த முடிவுகளை வெளியிட்டார். கருவி வேண்டாம், காசு வேண்டாம், ஒரு நிமிடம் போதும். இன்று உலகம் முழுவதும் அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் நோயாளியின் தாளில் மல்லம்பட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதுகிறார்கள். முழு மயக்கம் உலகுக்கு முதன்முதலில் பகிரங்கமாகக் காட்டப்பட்டதும் இதே பாஸ்டனில்தான், 1846 அக்டோபர் 16ஆம் தேதி.

அத்தைக்கு மூன்று வந்தது. உள்நாக்கின் அடிப்பகுதி மட்டும்தான் தெரிந்தது.

பிறகு டாக்டர் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தை அளந்தார். தையல்காரரிடம் போனதுபோல் இருந்தது. இதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜே பிராட்ஸ்கி குழுவினர் மிகவும் பருமனான 100 நோயாளிகளை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எடை மட்டும் அதிகம் என்பதால் குழாய் போடுவது கடினமாகிவிடவில்லை. கழுத்து தடித்தவர்களுக்கும், மல்லம்பட்டி எண் அதிகமானவர்களுக்கும்தான் சிக்கல். கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டர் என்றால் நூற்றில் ஐந்து பேருக்குக் கடினம். 60 சென்டிமீட்டர் என்றால் முப்பத்தைந்து பேருக்கு.

அத்தையின் கோபம் பாதி குறைந்தது இதைச் சொன்னபோதுதான். "அப்ப குண்டா இருக்கிறதுக்காகத் திட்டலையா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். இல்லை அத்தை. எந்த வழியாகப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டுக் கேள்விகள்

குறட்டைக் கேள்வியும் சும்மா கேட்டதல்ல. கனடாவின் டொராண்டோவில் ஃபிரான்சிஸ் சுங் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு 2008இல் உருவாக்கிய எட்டுக் கேள்விகளில் அது முதலாவது.

சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா? பகலில் எப்போதும் அசதியாக, தூக்கம் தூக்கமாக வருகிறதா? தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் நிறைச் சுட்டெண் 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா?

மூன்று "ஆமாம்" வந்தாலே கவனிக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தூக்கத்தில் மூச்சுத்தடை நோய் இருக்க வாய்ப்பு அதிகம். அத்தைக்கு ஆறு. ஆணா என்ற கேள்விக்கும் பகல் தூக்கக் கேள்விக்கும் மட்டும்தான் "இல்லை". அந்தப் பகல் தூக்கப் பதிலையும் மாமா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "டிவி சீரியல் ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவா" என்றார்.

குறட்டை என்பது குறுகிய வழியில் காற்று நெருக்கிக்கொண்டு போகும் சத்தம். சத்தம் திடீரென்று நின்றால் வழியே அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். வீட்டில் தூங்கும்போது மூளை பதறி எழுப்பிவிடும். அதுதான் மாமா சொன்ன அந்தப் பெரிய மூச்சு. மயக்க மருந்தும், பிறகு கொடுக்கும் கடுமையான வலி மருந்துகளும் அந்த எழுப்பும் சக்தியையும் மழுங்கடித்துவிடும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த அன்றிரவும் கவனம் தேவை. வலி மருந்தை அளந்து கொடுப்பார்கள். தலையை உயர்த்திப் படுக்க வைப்பார்கள். ஆக்ஸிஜன் அளவை விடாமல் பார்ப்பார்கள். வீட்டில் மூச்சு இயந்திரம் பயன்படுத்துபவர்கள் அதை மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

அறைக்குள் என்ன நடந்தது

அத்தையின் ஆபரேஷன் அன்று நான் வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

முதலில் படுக்க வைத்த விதம். முதுகுக்கும் தோளுக்கும் தலைக்கும் அடியில் போர்வைகளை மடித்து அடுக்கி ஒரு சாய்வு மேடை செய்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல்பள்ளமும் ஒரே கிடைமட்டக் கோட்டில் வர வேண்டும். நாம் ஏதோ வசதிக்குத் தலையணை வைக்கிறார்கள் என்று நினைப்போம். பிராட்ஸ்கியின் குழு 2004இல் இந்த நிலையையும் வழக்கமான நிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. மேடை போட்டவர்களுக்குக் குரல் நாண்கள் தெளிவாகத் தெரிந்தன. வயிற்றின் பாரமும் நெஞ்சிலிருந்து இறங்குகிறது. மடித்த போர்வைக்கு என்ன செலவு?

அடுத்தது, அந்த முகமூடி. "இறுக்கமா இருந்துச்சு, எடுங்கன்னு சொல்லலாமான்னு நெனச்சேன்" என்றார் அத்தை. இறுக்கமாக இருக்கத்தான் வேண்டும். ஓரத்தில் கசிந்தால் தொட்டி நிரம்பாது. உங்களுக்கு அப்படி முகமூடி வைத்தால் தள்ளிவிடாமல் நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள். உங்களுக்கான நிமிடங்களை நீங்களே சேமிக்கிறீர்கள்.

பிறகு குழாய். 1943இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மக்கின்டோஷ் வடிவமைத்த வளைந்த அலகுதான் இன்றும் பல இடங்களில் நாக்கை விலக்கிப் பார்க்கப் பயன்படுகிறது. அதில் மருத்துவர் தன் கண்ணால் நேர்கோட்டில் பார்க்க வேண்டும். தடித்த நாக்கு, குறுகிய கழுத்து என்றால் அந்த நேர்கோடே கிடைக்காது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அலகின் நுனியில் சிறு கேமரா வைத்த கருவிகள் சந்தைக்கு வந்தன. இப்போது வளைவுக்கு அப்பால் இருப்பதைத் திரையில் பார்க்கலாம். அத்தைக்கு அந்தக் கேமரா கருவியை முதலிலேயே தயாராக வைத்திருந்தார்கள்.

அதுவும் கைகொடுக்காவிட்டால்? குரல்வளையின் மேலே கவிழ்ந்து உட்காரும் சிறிய முகமூடி போன்ற குழாய் உண்டு. ஆர்ச்சி பிரெயின் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1981இல் உருவாக்கியது அது. நிரந்தரத் தீர்வாக இல்லாவிட்டாலும் உயிரைக் காக்கும் நேரத்தை அது வாங்கிக் கொடுக்கும். மிகக் கடினம் என்று முன்பே தெரிந்தால், தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மெல்லிய கேமராக் குழாய் வழியாக மூச்சுக்குழாயை அடைவார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் விழித்திருப்பவர் தானே மூச்சுவிடுவார், நேரம் ஓடாது. எல்லா வழியும் அடைபட்டால் கழுத்தின் முன்பக்கத்தில் சிறு துளையிடுவது கடைசி வழி. தடித்த கழுத்தில் அந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடிப்பதே சிரமம். அதனால்தான் சில மருத்துவர்கள் மயக்கம் கொடுக்கும் முன்பே கழுத்தில் பேனாவால் அடையாளம் போட்டு வைக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் குழாயை எடுப்பதும் போடுவதுபோலவே கவனம் வேண்டிய வேலை. அத்தை நன்றாக விழித்து, சொன்னதைக் கேட்டுக் கையை அழுத்திய பிறகு, சாய்ந்து உட்கார்ந்த நிலையில்தான் எடுத்தார்கள்.

பயப்படவா, தயாராகவா?

இவ்வளவையும் படித்துவிட்டு "இனி ஆபரேஷனே வேண்டாம்" என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர்கள் நாடு முழுவதும் ஓராண்டு நடத்திய பெரிய ஆய்வின் அறிக்கை 2011இல் வெளியானது. அந்த ஆண்டில் முழு மயக்கம் கொடுக்கப்பட்டது ஏறத்தாழ 29 லட்சம் முறை. மூச்சுவழியில் பெரிய விபரீதம் நேர்ந்தது ஏறக்குறைய 22,000 மயக்கங்களுக்கு ஒன்று. அரிதிலும் அரிது. ஆனால் அந்த ஆய்வுக்கு வந்து சேர்ந்த 184 சம்பவங்களில் பத்தில் நான்கு பேர் உடல் பருமன் உள்ளவர்கள். அவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட இரு மடங்கு, மிகவும் பருமனானவர்களுக்கு நான்கு மடங்கு என்று கணக்கிட்டார்கள். முன்கூட்டியே சரியாக மதிப்பிடாததும் மாற்றுத் திட்டம் இல்லாததும் திரும்பத் திரும்பத் தென்பட்டன.

நம் நாட்டிலும் இப்படிக் கணக்குப் பார்க்கும் வழக்கம் உண்டு. அரசாங்க மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சையை ஒட்டிய மரணங்களை ஒன்றொன்றாக எடுத்து, யாரையும் தண்டிப்பதற்காக இல்லாமல், பாடம் கற்பதற்காக ஆராயும் முறை 1992இல் தொடங்கியது. அதன் முதல் இரண்டாண்டு முடிவுகளை மலேசிய மருத்துவ இதழில் 1998இல் எழுதிய குழுவின் முதல் பெயர் நம்மவர் ஒருவருடையது: மயக்கவியல் நிபுணர் கே. இன்பசேகரன்.

இந்தப் பாடம் நமக்கு ஏன் அவசரம் என்றால், நம் எடை. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். மூன்று பெரிய இனங்களில் இந்தியர்கள்தான் இதில் முன்னணியில் இருக்கிறோம். முன்னணி என்று சொல்லிப் பெருமைப்பட முடியாத இடம். பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, சிசேரியன் என்று ஆபரேஷன் மேசைக்குப் போகும் நம்மவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தக் கட்டுரை பொருந்தும்.

எங்கே ஆபரேஷன் செய்துகொள்கிறோம் என்பதும் முக்கியம். 2024 ஏப்ரலில் தமிழ்நாட்டில், எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன 26 வயது இளைஞர் உயிரிழந்தார். மாநில சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் பலர் "குண்டா இருந்தா இப்படித்தான்" என்று சமூக ஊடகத்தில் எழுதினார்கள். கேட்க வேண்டியது அது அல்ல. அவசர நேரத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா, பருமனானவர்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய நிபுணர் உண்டா, கேமரா கருவி உண்டா என்பதுதான் கேள்வி. விலை கேட்கும் அதே வாயால் இதையும் கேட்கலாம். ஊசி மூலம் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடக்கூடிய அறுவைச் சிகிச்சையா என்றும் கேட்கலாம். முடியும் என்றால் தொண்டைக்குப் போகவே வேண்டியதில்லை.

மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

* சரியான எடை. மருந்தின் அளவையும், மேசையின் தாங்கு சக்தியையும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

* குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது. உங்களுக்குத் தெரியாது, கூடப் படுப்பவருக்குத்தான் தெரியும். அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

* ஆடும் பல், கட்டிய பல், கழற்றும் பல் செட்.

* முன்பு மயக்கம் கொடுத்தபோது சிரமம் என்று யாராவது சொல்லியிருந்தால் அது. நெருங்கிய சொந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஆபத்து நேர்ந்திருந்தால் அதுவும்.

* எடை குறையவோ நீரிழிவுக்கோ வாரம் ஒருமுறை போடும் ஊசி. செமாக்ளுடைட் போன்ற இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நீங்கள் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு இருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் பெரிய ஆபத்து. ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஆபரேஷன் தேதி கிடைத்ததுமே சொல்லிவிடுங்கள்.

* கடைசியாகச் சாப்பிட்ட நேரம். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய் போன்ற எண்ணெய் உணவுக்கு 8 மணி நேரம். பால் ஊற்றிய தே தாரிக் தண்ணீர் கணக்கில் வராது. "ஒரு வாய்தானே" என்று பசியாறிவிட்டு மறைத்தால், ஆபரேஷனைத் தள்ளிப் போடுவதைவிடப் பெரிய விலை கொடுக்க நேரிடும்.

* புகை பிடிக்கும் பழக்கம். வேப் புகைப்பதும் இதில் அடக்கம்.

அடையாள அட்டையோடு ஒரு கடிதம்

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் தொண்டை கொஞ்சம் கரகரத்தது, குரல் கம்மியது. "இப்பதான் உன்னை மாதிரி ரேடியோவில பேசலாம் போல இருக்கு" என்று என்னைக் கேலி செய்தார்.

டாக்டர் வந்து ஒரு கடிதம் கொடுத்தார். வழக்கமான அலகால் பார்த்தபோது குரல் நாண்கள் சரியாகத் தெரியவில்லை, கேமரா கருவியால் முதல் முயற்சியிலேயே குழாய் போட முடிந்தது என்று அதில் எழுதியிருந்தது. "எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதை முதல்ல காட்டுங்க ஆண்டி. அடுத்த டாக்டர் இருட்டுல தேட வேண்டியதில்ல" என்றார். இப்படி ஒரு கடிதம் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ கொடுக்கப்பட்டிருந்தால் பழைய ரசீதுகளோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், காரில் பின்சீட்டில் சாய்ந்திருந்த அத்தை கேட்டார்: "நீ போய்ச் சொல்லலைன்னா என்ன ஆயிருக்கும்?"

ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அந்த டாக்டர் கழுத்தை அளந்தார், வாயைப் பார்த்தார், அவராகவே தயாராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அன்றிரவு வார்டில் யாராவது அத்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அதற்கு மாமா இருக்கிறார். வார்டில் இருக்க மாட்டார்.

இதைச் சொன்னதும் அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முன்சீட்டில் இருந்த மாமாவைப் பார்த்து, "ஏன், இத்தனை வருஷமா ராத்திரி எழுந்து வந்து பார்ப்பீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"சொன்னா உனக்குக் கோபம் வரும்" என்றார் மாமா.

தூக்கச் சோதனைக்கு இப்போது அத்தைக்குத் தேதி கிடைத்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கோயிலில், மூட்டு ஆபரேஷனுக்குப் போகவிருக்கும் ஒரு பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து அத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். "குறட்டை விடுவீங்களா? விட்டா சொல்லிடுங்கக்கா. வெட்கப்படாதீங்க. நான் வெட்கப்பட்டேன், இந்தப் பொண்ணு போய்ப் போட்டுக் கொடுத்துட்டா."

அந்தப் பெரியம்மா தயங்கினார். அவருடைய மகள்தான் பின்னாலிருந்து, "விடுவாங்க ஆண்டி, நல்லாவே விடுவாங்க" என்றாள்.